மூன்று திறப்பு அலுமாரி

ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதற்குச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் கிங்ஸ்லி வைத்திருந்தவர்களாக இருக்கமாட்டார்கள். கிங்ஸ்லி சீமையில் செய்த வண்டி. நிறை நானூறு இறாத்தல். அதைச் செய்த கம்பனி அறுபத்தேழாம் ஆண்டிலேயே கதவைப் பூட்டிவிட்டது. பூட்டிய சேதி உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் வலிகாமம் கிழக்குக் கிங்ஸ்லி உரிமையாளர் ஐக்கிய சங்கத்துக்கு உத்தியோகபூர்வமான கடிதம் வரவில்லை. ஆகவே சங்கம் அதை நம்பவில்லை.

கோப்பாய்ப் பகுதி விவாகப் பதிவாளர் இராசநாயகம் இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர் அல்லர், அதற்குள் பிறந்தவர். அவருடைய தகப்பனார், பழைய பதிவாளர் சிவசுப்பிரமணியம், ஐம்பத்தோராம் ஆண்டு சங்கத்தைத் தொடங்கிய பதினொருவரில் முதல்வர். சங்கம் கூடுகின்ற பழைய புகையிலைக் கிட்டங்கியின் நடுச்சுவரில் அவருடைய படம் சந்தனப் பொட்டோடு தொங்கியது. தகப்பன் கண்ணை மூடியபோது மகனுக்கு உத்தியோகமும் கிங்ஸ்லியும் ஒரு கட்டளையும் வந்து சேர்ந்தன.

"பொம்பிளை வீட்டுக் காரிலையும் ஏறாதை, மாப்பிளை வீட்டுக் காரிலையும் ஏறாதை. எழுத்து எழுதப் போறவன் தன்ரை வாகனத்திலை போகவேணும். இல்லாட்டி ஒரு பக்கத்து ஆள் எண்டு சனம் சொல்லும்."

கட்டளையில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வாகனத்தில்தான் குற்றம். இராசநாயகத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. வலது முழங்காலில் நீர் கட்டியதால் துவிச்சக்கர வண்டி மிதிக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கிங்ஸ்லியே கதி. அதுவோ விறாந்தையில் நின்றபடி, சிறுநீர் அடங்காத கிழ நாயைப் போல இரவும் பகலும் எண்ணெய் சொட்டியது. அவருடைய மனைவி ஞானாம்பிகை அதன் கீழே பழைய பீங்கான் கோப்பை ஒன்றை வைத்திருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் பார்ப்பார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சுவேலியில் ஓர் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு. சுபநேரம் பின்னேரம் நாலு மணி. நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். இராசநாயகம் மூன்று மணிக்கே புறப்பட்டார். நீர்வேலி வாழைத்தோட்டங்களின் நடுவே கிங்ஸ்லி இரண்டு முறை இருமிற்று. பிறகு இருமவும் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஊதினார். நாற்பது உதை உதைத்தார். கடைசியில் வாழைக்குலை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்றில், குலைகளுக்கு மேலே, விவாகப் பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாலே முக்காலுக்குப் பெண் வீட்டு வாசலில் இறங்கினார்.

"பதிவாளர் குலையோடை வந்திட்டார்!" என்று பந்தலுக்குள் யாரோ சொன்னார்கள். சனம் சிரித்தது.

ராகுகாலம் முடியும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். ஆறு மணி கழிந்து எழுத்து நடந்தது. பெண்ணின் தகப்பன் ஒப்பமிட்ட இடத்துக்குப் பக்கத்தில், இராசநாயகத்தின் பெருவிரல், கிங்ஸ்லியின் கறுப்பு எண்ணெயோடு, அச்சடித்ததுபோல் பதிந்துவிட்டது. சிவசுப்பிரமணியத்தாரின் புத்தகங்களில் முப்பத்தொரு வருடத்துக்கு ஒரு மைப்பொட்டுக் கிடையாது. இராசநாயகம் அன்றிரவு சாப்பிடவில்லை.

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மக்னீற்றோ போய்விட்டது. யாழ்ப்பாணம் முழுவதிலும் கிங்ஸ்லிக்கு மாற்றுச் சாமான் இருக்கும் ஒரே இடம் சங்கத்தின் அலுமாரி. பழைய சாமானை ஒப்படைத்தால் அலுமாரியிலிருந்து ஒன்று எடுத்துத் தருவார்கள். அதுதான் ஒழுங்கு.

மாதக் கடைசிச் சனிக்கிழமை கூட்டம். தேவாரம் பாடினார்கள். காலமான உறுப்பினர்களுக்கும் சீமையில் 'தற்காலிகமாக' மூடியிருக்கும் தொழிற்சாலைக்கும் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு காரியதரிசி கதிரவேற்பிள்ளை மாஸ்டர் போன கூட்டத்தின் அறிக்கையை ஐம்பது நிமிடம் வாசித்தார். அதில் 'உளுந்து வடை பரிமாறப்பட்டது' என்று இருந்ததைக் 'கடலை வடை' என்று திருத்தவேண்டும் என ஒருவர் பிரேரித்தார். இருபது நிமிடம் விவாதம். வாக்கெடுப்பில் உளுந்து வென்றது.

இராசநாயகம் எழுந்தார். "தலைவர் ஐயா, என்ரை மக்னீற்றோ போட்டுது. ஒண்டு வேணும்."

மாஸ்டர் ஒரு பத்திரத்தை நீட்டினார். தவறு ஏற்புப் பத்திரம் என்று அதற்குப் பெயர். 'கீழே ஒப்பமிடும் நான், எனது கிங்ஸ்லி எனது தவறினாலேயே ஓடவில்லை என ஒப்புக்கொள்கிறேன்' என்று தொடங்கி, தவறு எது என்று புள்ளடி போட மூன்று கட்டங்கள் இருந்தன. மரியாதையில்லாமல் உதைத்தமை. அவசரப்பட்டமை. ஆசூசத்தோடு தொட்டமை.

"மாஸ்டர், இதிலை சாமான் பழுது எண்டு ஒரு கட்டம் இல்லையே?"

"கிங்ஸ்லிக்கு அப்பிடி ஒண்டு வாறேல்லை, தம்பி."

இராசநாயகம் அவசரத்துக்குப் புள்ளடி போட்டார். தலைவர் நடராசா, ஓய்வுபெற்ற தபாலதிபர், மேசையில் இரண்டு கையும் ஊன்றி எழுந்தார். மேடை என்றால் அவருக்கு ஊர்ப் பேச்சு வராது.

"அன்பர்களே! இன்றைய மனிதனுக்கு ஒரு வியாதி. போய்ச் சேரவேண்டுமாம்! எமது முன்னோர் போய்ச் சேரவா கிங்ஸ்லி வாங்கினார்கள்? ஓடுவதற்காக ஒரு வண்டியை வாங்கினால் அதற்குப் பெயர் பிழைப்பு. ஓடாவிட்டாலும் வைத்திருந்தால் அதற்குப் பெயர் பரம்பரை. என்னுடைய கிங்ஸ்லி பத்தொன்பது வருடமாக றோட்டில் ஒரு தரம்கூட நின்றதில்லை என்பதை இச்சபையிலே பணிவோடு கூறி அமர்கிறேன்."

கைதட்டல் அடங்கியபின் அலுமாரியைத் திறக்கலாம் என்று தீர்மானமாயிற்று. அலுமாரிக்கு மூன்று பூட்டு, மூன்று திறப்பு. தலைவரிடம் ஒன்று, காரியதரிசியிடம் ஒன்று, தனாதிகாரி வயித்திலிங்கத்திடம் ஒன்று. தனாதிகாரியின் வீடு உடுப்பிட்டியில். அவர் நாலு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை.

"ஏன் வரேல்லை?" என்று இராசநாயகம் கேட்டார்.

"அவற்றை கிங்ஸ்லி ஸ்டார்ட் வருகுதில்லை," என்றார் மாஸ்டர்.

"திருத்திறதுதானே?"

"சாமான் அலுமாரிக்கை இருக்கு."

"அப்ப பஸ்சிலை திறப்பைக் கொண்டு வரட்டுமே!"

மாஸ்டர் விதிப் புத்தகத்தைத் தடவினார். "பதினாலாம் விதி. திறப்பு கிங்ஸ்லியிலைதான் வரவேணும்."

கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

கோப்பாயில் மெக்கானிக் கடை வைத்திருந்த கிறகோரி குருநகர் ஆள். அங்கே வள்ளங்களின் எஞ்சின் திருத்தித் தொழில் பழகியவர். கிங்ஸ்லியைக் கண்டதும் அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அதைத் தொடுவதில்லை என்பது அதன் அர்த்தம்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. உது எஞ்சின் இல்லை. உது நேர்த்திக்கடன்."

"அப்பு வாங்கினது, கிறகோரி."

"எங்கடை அப்புவும் ஒரு எஞ்சின் வாங்கினவர். ஆனால் கடலிலை எஞ்சின் நிண்டா ஆள் சாவு. அதாலை எங்களுக்கு மார்க்கிலை பக்தி இல்லை, ஐயா. எது கரைக்குக் கொண்டு வருகுதோ அதுதான் நல்ல மார்க்."

கடையின் மூலையில் ஒரு சிவப்பு மிசாக்கி நின்றது. யப்பான் வண்டி, தொண்ணூறு சி.சி. ஜேர்மனிக்குப் போன ஒருவர் விற்கச் சொல்லி விட்டுப்போனது. கிறகோரி செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். தையல் மெசின்போல் அது ஓடத் தொடங்கியது. கீழே நிலத்தைப் பார்த்தார் இராசநாயகம். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அந்த வறண்ட நிலத்தைப் பார்க்க அவருக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டார்.

தை பிறந்தது. உரும்பிராய்ப் பராசக்தி வந்தாள். புருஷனில்லாதவள், தோட்டம் செய்து ஒரே மகள் அருந்ததியை வளர்த்தவள். மாப்பிள்ளை ஜேர்மனியிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தான்.

"அண்ணை, வாற வெள்ளிக்கிழமை எழுத்து. எட்டு நாப்பதிலையிருந்து ஒன்பது இருபது மட்டும் நேரம். அதை விட்டா அடுத்த கிழமைதான் நாள் இருக்காம். மாப்பிளை அண்டைக்குப் பின்னேரமே றெயிலுக்குப் போகவேணும், மற்ற நாள் பிளேன். எழுத்துத் துண்டு இல்லாட்டி அவளை அங்கை கூப்பிடேலாதாம்."

"வாறன், தங்கச்சி."

அவள் போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "காரொண்டு அனுப்பட்டே, அண்ணை?"

"பதிவாளர் காரிலை வாறேல்லை. உனக்குத் தெரியாதே?"

"தெரியும். அச்சுவேலிக் கதையும் தெரியும். கோவியாதேங்கோ. எங்கடை ஆக்கள் வேறை பதிவாளரைப் பிடி எண்டு சொல்லினம். நான்தான், சிவசுப்பிரமணியத்தாற்றை மகன் சொன்னால் வருவார் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

இராசநாயகத்தின் முதுகு நிமிர்ந்தது. "எட்டு நாப்பதுக்கு முன்னம் உன்ரை வாசலிலை நிப்பன்."

அவள் போனதும் உள்ளே இருந்து ஞானாம்பிகை கேட்டாள். "இஞ்சருங்கோ, எதிலை நிப்பியள்? குலையிலையோ?"

அன்று பின்னேரமே அவர் கிறகோரியிடம் போய் மிசாக்கியை வாங்கினார். ஆனால் திருட்டுத்தனமாக மாற அவர் பிறக்கவில்லை. முறைப்படி சங்கத்தில் இருந்து விலகிவிட்டுத்தான் ஏறுவேன் என்று இராசினாமாக் கடிதம் எழுதினார். எழுத்துக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, அவசரக் கூட்டம் கூடிற்று. அவருக்குத் துணையாக வந்த கிறகோரி வாசலில் நின்றார்.

மாஸ்டர் இருபத்தேழாம் விதியை வாசித்தார். "விலக விரும்புபவர் தமது இராசினாமாக் கடிதத்தை, எஞ்சின் இயங்கும் நிலையில் உள்ள கிங்ஸ்லியில் ஏறி, தாமே ஓட்டி வந்து கையளிக்கவேண்டும்."

தலைவர் பெருமையோடு சபையைப் பார்த்தார். "அதனாலேதான் முப்பத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட எமது சங்கத்தைவிட்டு விலகவில்லை! எந்தச் சங்கத்துக்கு இந்த ஒற்றுமை உண்டு?"

"விலகாமல் வேறை மார்க்கிலை ஏறினால்?" என்று இராசநாயகம் கேட்டார்.

"அவரது குடும்பப் படம் சுவர்ப் பக்கம் திருப்பப்படும்," என்று மாஸ்டர் அடுத்த விதியை வாசித்தார்.

இராசநாயகம் தகப்பனின் படத்தைப் பார்த்தார். நாலு ஊர்ச் சனமும் கல்யாணமென்றால் முதற் பத்திரிகையைக் கொண்டுவந்து வைத்த மனிதன். அந்த முகம் புகையிலைக் கிட்டங்கிச் சுவரைப் பார்க்க வேண்டுமா?

"கிங்ஸ்லி ஓடினால்தானே, தலைவர் ஐயா, நான் ஓட்டி வாறது? மக்னீற்றோவைத் தாருங்கோ."

"என்ரை வண்டி பத்தொன்பது வருஷமா றோட்டிலை நிண்டதில்லை," என்று தலைவர் ஆரம்பித்தார். கோபத்தில் மேடைத் தமிழ் நழுவிவிட்டது.

"றோட்டுக்கு வந்தால்தானே, ஐயா, நிக்கிறதுக்கு," என்றார் வாசலில் நின்ற கிறகோரி.

தலைவரின் கிங்ஸ்லி வீட்டுப் போட்டிக்கோவில் வெல்வெட்டுச் சீலைக்குக் கீழே இருப்பதும், தலைவர் எங்கேயும் பஸ்சில் போவதும் ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனால் சபையில் அதைச் சொன்னவர் இல்லை. 'உறுப்பினர் அல்லாதவர் எழுப்பிய ஒலி' என்று மாஸ்டர் அறிக்கையில் எழுதினார்.

அந்த நேரத்தில் வெளியே ஒரு லொறி வந்து நின்றது. உடுப்பிட்டியிலிருந்து வல்லை வெளியெல்லாம் கடந்து வந்த லொறி. அதன் தட்டில் கயிறுகளால் நாற்புறமும் கட்டிய கிங்ஸ்லி. அதன்மேல், இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்தபடி, காற்றுக்குத் தலைமயிர் கலைந்து, கண் சிவந்து, தனாதிகாரி வயித்திலிங்கம்.

"கிங்ஸ்லியிலைதான் வந்திருக்கிறன். விதி பிழைக்கேல்லை," என்று மேலிருந்தபடியே அறிவித்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

மூன்று திறப்பும் போட்டு அலுமாரியைத் திறந்தார்கள். கர்ப்பூரம் காட்டினார்கள். உள்ளே தட்டுத் தட்டாகப் பிளக்குகள், கேபிள்கள், பற்சில்லுகள், மக்னீற்றோக்கள். எல்லாம் புளி போட்டு மினுக்கிப் பொன்போல் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டியிருந்தது. மாஸ்டர் ஒரு மக்னீற்றோவைத் தாம்பாளத்தில் வைத்து இராசநாயகத்திடம் நீட்டினார்.

இராசநாயகம் துண்டைப் பார்த்தார். மங்கிய மை. பழகிய எழுத்து. பதிவுப் புத்தகங்களில் பொட்டுப் படாமல் எழுதிய அதே கை.

'வேலை செய்யாது. ஒருவரும் இதை இனிப் பாவிக்க வேண்டாம். சி.சு. 12.4.61.'

அவர் அடுத்ததன் துண்டைப் பார்த்தார். வேறொருவர் கையெழுத்து. 'பழுது. 1958.' அடுத்தது, 'உடைந்தது.' அதற்கடுத்தது, 'எரிந்தது.' மெல்ல மெல்ல அவருக்கு விளங்கிற்று. பழுதானதைக் கொடுத்து நல்லதை எடுத்தார்கள். நல்லது பழுதானதும் அதையும் கொடுத்தார்கள். நல்ல சாமான் எப்போதோ முடிந்துவிட்டது. இத்தனை வருடமாக மூன்று பூட்டுப் போட்டுக் காவல் காத்தது குப்பையை. அதுவும் மினுக்கிய குப்பை. கர்ப்பூரம் காட்டிய குப்பை.

"சிவசுப்பிரமணிய ஐயா தம் கையால் ஒப்படைத்த மக்னீற்றோ! என்ன பாக்கியம்!" என்றார் தலைவர்.

"அப்பு வேலை செய்யாது எண்டல்லோ எழுதியிருக்கிறார்."

"அது அவருடைய அந்தக் காலத்துக் கருத்து."

இராசநாயகம் துண்டை மாத்திரம் அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்தார். மக்னீற்றோவைத் தாம்பாளத்திலேயே விட்டுவிட்டு நடந்தார். அப்பு ஒரு மார்க்கையும் கட்டி அழவில்லை; உள்ளதை உள்ளபடி எழுதிக் கட்டித்தான் வைத்திருக்கிறார். இருபத்துமூன்று வருடமாக இந்தச் சபையில் அதை வாசிக்கத்தான் ஒரு மனிதன் இல்லை.

வெள்ளிக்கிழமை சங்கத்தின் ஸ்தாபகர் தினம். ஊர்வலம். எல்லாக் கிங்ஸ்லியும் வரவேண்டும் என்பது விதி; ஆள் வராவிட்டாலும் குற்றமில்லை. காலையிலேயே நாலு பேர் வந்து இராசநாயகத்தின் கிங்ஸ்லியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஞானாம்பிகை கோப்பையையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள்.

எட்டே காலுக்கு இராசநாயகம் மிசாக்கியில் ஏறினார். கோப்பாய்ச் சந்தி தாண்டி உரும்பிராய் றோட்டில் திரும்பியதும் முன்னே ஊர்வலம். முதலில் நாதஸ்வரம். பிறகு உழவு மெசின் பெட்டியில் மாலை போட்ட தலைவரின் கிங்ஸ்லி. பக்கத்தில் நாற்காலியில் தலைவர். பின்னே பத்துக் கிங்ஸ்லிகளை வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். எஞ்சின் ஒன்றும் இயங்கவில்லை. எஞ்சினுக்கு மரியாதையாம். இரண்டு பக்கமும் வேலி, நடுவே இவர்கள். எட்டு முப்பது. எட்டு முப்பத்தைந்து.

அப்போது தள்ளிக்கொண்டு போன கிங்ஸ்லி ஒன்று செயின் இறுகி நின்றுவிட்டது. தள்ளினாலும் ஓடாத வண்டியை அன்றுதான் சனம் கண்டது. பின்னால் வந்தவர்கள் அதில் முட்டிக்கொண்டார்கள். ஊர்வலம் நின்றது. நாதஸ்வரம் மட்டும் நிற்கவில்லை.

இராசநாயகம் ஹோர்ன் அடித்தார். தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி இராசநாயகம்! ஊர்வலத்தை உறுப்பினர் முந்தக் கூடாது!"

"அங்கை ஒரு பிள்ளை மணவறையிலை இருக்குது, நடராசா அண்ணை."

"இன்னொரு நாள் எழுதலாம்! ஸ்தாபகர் தினம் வருஷத்திலை ஒருக்கால்தான்!"

தலைவர் சொன்னதைச் சனம் கேட்டது. கேட்டுவிட்டு ஒரு மூதாட்டி, "சீ," என்று காறித் துப்பினாள். வேலியோரம் நின்ற இருவர் தங்கள் கிடுகுப் படலையைத் தூக்கித் திறந்துவிட்டார்கள். மிசாக்கி ஒரு வளவுக்குள் புகுந்து, மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே வரம்பில் ஓடி, கிணற்றடியைச் சுற்றி, ஒழுங்கையால் வெளிப்பட்டது.

பராசக்தியின் வாசலில் அவர் இறங்கும்போது நேரம் எட்டு ஐம்பத்திரண்டு. சொன்ன நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பிந்தி. நல்ல நேரத்துக்கு உள்ளே. பராசக்தி செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். கழுவ ஒன்றும் இருக்கவில்லை. அருந்ததியும் மாப்பிள்ளையும் ஒப்பமிட்டார்கள். பக்கம் வெள்ளையாக இருந்தது.

பகல் ஒரு மணிக்கு அவர் சங்க மண்டபத்துக்குப் போனார். அதற்குள் விதி நிறைவேறியிருந்தது. தகப்பனின் படம் சுவரைப் பார்த்தபடி தொங்கியது. இராசநாயகம் கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினார். முதுகுப் பக்கத்துச் சிலந்தி வலையைத் துவாயால் துடைத்தார்.

தலைவர் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். "நில்லும்! ஸ்தாபகர் படம் கிங்ஸ்லியிலை ஏத்தித்தான் இந்த வளவை விட்டு வெளிக்கிடலாம்!"

"சரி," என்றார் இராசநாயகம். "ஆற்றை கிங்ஸ்லியிலை ஏத்த? ஒண்டை ஸ்டார்ட் பண்ணுங்கோ. இதிலையே நிக்கிறன்."

முற்றத்தில் பதினொரு கிங்ஸ்லிகள் மாலையோடு நின்றன. மற்றப் பத்துக் குடும்பத்துப் பெரியவர்களும் வாழையிலைக்கு முன்னே இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. ஒருவர் பாயாசம் கேட்டார்.

இராசநாயகம் சட்டைப் பையிலிருந்த துண்டை எடுத்தார். தகப்பனின் வரிக்குக் கீழே, தன் பேனாவால், 'இதுவும்' என்று எழுதி ஒப்பமிட்டுத் திகதி போட்டார். அதைத் தன்னுடைய கிங்ஸ்லியின் கைபிடியில் கட்டினார். பிறகு படத்தை மிசாக்கியின் கரியரில், முகம் வெளியே தெரியும்படி வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்த மாதக் கூட்ட அறிக்கையில் இப்படி இருக்கிறது: 'உறுப்பினர் இராசநாயகம் சமுகமளிக்கவில்லை. அவரது கிங்ஸ்லி ஓடாமையே காரணமாக இருக்கலாம் எனத் தலைவர் அனுதாபம் தெரிவித்தார். அவர் ஒப்படைத்த வண்டியை மினுக்கி அலுமாரியில் வைப்பதெனவும், அலுமாரியைப் பெருப்பிப்பதெனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இன்றுவரை சங்கத்திலிருந்து ஒருவரும் விலகவில்லை.'